மரபணு மாற்றிய ஈஸ்டை ஜெல் மணிக்குள் அடைத்தால் புரதம் கூடுமா?

நுண்ணுயிர்நேசன் | 4 பிப்ரவரி 2024, காலை 10.12

பிக்கியா ஈஸ்ட், ஜிஎஸ்115 வகை. மெத்தனால் கொடுத்தால் ஜீனை எழுப்பும் ஏஓஎக்ஸ்1 புரோமோட்டர், புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் ஆல்ஃபா காரணி சிக்னல். சுரக்க வேண்டிய புரதம் கேண்டிடா அன்டார்க்டிகா லைப்பேஸ் பி (கொழுப்பை உடைக்கும் நொதி), மூலக்கூறு எடை 33 கிலோடால்டன். செல்லை 2% சோடியம் அல்ஜினேட்டில் (கடற்பாசிப் பசை) கலந்து, 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் சொட்டி 3 மி.மீ. மணி பிடித்து, கழுவி பிஎம்எம்ஒய் என்ற மெத்தனால் வளர்ப்பு மீடியாவில் போடுகிறேன். மெத்தனால் கொடுத்த மறுநாளே மணி கொழகொழத்துப் போகிறது, மீடியா பால் மாதிரி கலங்குகிறது. ஒரு மில்லிக்குள் அடைபடும் செல் அதிகம், அப்படியானால் புரதமும் அதிகம் வர வேண்டும் என்பது என் கணக்கு. அல்ஜினேட்டை 4% ஆக்கினால் நிற்குமா?

கலன்காவலர் | 4 பிப்ரவரி 2024, காலை 10.55

4% ஆக்கினாலும் கரையும், சற்றுத் தாமதமாக. கோளாறு பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் உப்பில்) இருக்கிறது. பிஎம்எம்ஒய்யின் பஃபர் 100 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட். மணியைப் பிடித்து நிறுத்துவது கால்சியம். பாஸ்பேட் அதைப் பிடுங்கிக்கொள்கிறது, அந்த இடத்தில் பொட்டாசியமும் சோடியமும் போய் உட்கார்கின்றன, ஜெல் மறுபடி கரைசலாகிறது. சிட்ரேட்டும் இடிடிஏயும் இதையே இன்னும் வேகமாகச் செய்யும்.

கலங்கலில் இரண்டு சங்கதி கலந்திருக்கலாம்: கால்சியம் பாஸ்பேட் வீழ்படிவு, மணியிலிருந்து தப்பிய செல். ஒரு மில்லி எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விடுங்கள். தெளிந்தால் பாஸ்பேட். தெளியாவிட்டால் செல், மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்யுங்கள். இதைப் பார்க்காமல் ஓடி 600 (ஒளி வைத்து அளக்கும் கலங்கல் அளவு) அளந்து "செல் கசிவு" என்று எழுதிவைத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஃபெர்மென்டருக்குப் போகும்போது பேசல் சால்ட்ஸ் மீடியா எடுக்கலாம் என்று நினைத்திருந்தால் அது இன்னும் மோசம். லிட்டருக்கு 26.7 மில்லி 85% பாஸ்பாரிக் அமிலம், அதாவது ஏறத்தாழ 390 மில்லிமோலார் பாஸ்பேட். அல்ஜினேட் மணி அதில் நிற்காது.

கலன்காவலர் | 4 பிப்ரவரி 2024, காலை 11.20

மாற்று: எம்இஎஸ் பஃபர் 100 மில்லிமோலார், லிட்டருக்கு 19.5 கிராம், பிஎச் 6.0. கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 5 மில்லிமோலார், லிட்டருக்கு 0.74 கிராம். இதைத் தனியாக ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்து ஆறிய பிறகு சேருங்கள். சேர்த்து வேக வைத்தால் குடுவையிலேயே படியும்.

பஃபரை மாற்றியதோடு வேலை முடியவில்லை. மீடியாவில் சேரும் ஒய்என்பியிலேயே (ஈஸ்டுக்கான உப்பு, வைட்டமின் கலவை) பாஸ்பேட் இருக்கிறது. லிட்டருக்கு 6.7 கிராம் என்ற வழக்கமான அளவில் 1 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். பிஎம்எம்ஒய்யில் அது இரட்டை அளவு, ஆக 15 மில்லிமோலார் பக்கம். 5 மில்லிமோலார் கால்சியத்தோடு அது மெல்லப் படியும். பாஸ்பேட் இல்லாத ஒய்என்பி விற்கிறார்கள். அதை வாங்கி, பாஸ்பேட்டை நீங்களே 2 மில்லிமோலார் (0.27 கிராம்) போடுங்கள். பெப்டோனும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கொண்டுவரும். அடைத்த செல் பெருகத் தேவையில்லை என்பதால் இவ்வளவு பாஸ்பரஸ் போதும்.

புளிப்புமாவு | 4 பிப்ரவரி 2024, மாலை 6.03

கால்சியத்துக்குப் பதில் பேரியம் குளோரைடில் மணி பிடித்தால் இந்தத் தொல்லையே இல்லையே. பேரியம் அல்ஜினேட் கெட்டி.

கலன்காவலர் | 4 பிப்ரவரி 2024, மாலை 6.40

கெட்டிதான். ஆனால் ஒய்என்பியில் அம்மோனியம் சல்பேட் இருக்கிறது. மணியிலிருந்து கழன்று வரும் பேரியம் சல்பேட்டாகப் படிந்து மேற்பரப்பை மூடும். கரைந்த பேரியம் நஞ்சும்கூட. புரதம் எங்கே போகப் போகிறது என்பதைப் பொறுத்து அது பெரிய தலைவலி. கால்சியத்தை விடக் கெட்டி வேண்டுமென்றால் ஸ்ட்ரான்சியம் பாருங்கள்.

அதைவிட முதலில் பார்க்க வேண்டியது அல்ஜினேட்டின் ரகம், அதாவது அதன் சங்கிலியில் குலுரோனிக், மானுரோனிக் அமிலங்களின் பங்கு. குலுரோனிக் அமிலப் பங்கு அதிகமுள்ளது (லாமினேரியா ஹைப்பர்போரியாவின் தண்டிலிருந்து வருவது) கெட்டியான, சற்று நொறுங்கும் மணி தரும். மானுரோனிக் பங்கு அதிகமுள்ளது நெகிழ்வான, பலவீனமான மணி. பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: மீடியாவில் சோடியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் குலுரோனிக் மிகுந்த ரகத்துக்கு 25:1க்குக் கீழே, குறைந்த ரகத்துக்கு 3:1க்குக் கீழே இருக்க வேண்டும். டப்பாவில் எந்த ரகம் என்று எழுதாமல் விற்கும் அல்ஜினேட்டை வாங்காதீர்கள். மண்டபம் பக்கம் எடுக்கும் சர்காசம் பாசியிலிருந்து வரும் துணி அச்சுத் தரம் மலிவு, ஆனால் அதில் மீந்திருக்கும் பாலிஃபீனால் செல்லுக்கு ஆகாது.

புரதச்சல்லடை | 5 பிப்ரவரி 2024, காலை 8.31

மணி நிற்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். புரதம் மணியை விட்டு வெளியே வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

குளுக்கோஸ், மெத்தனால், ஆக்சிஜன் எல்லாம் அல்ஜினேட்டுக்குள் கிட்டத்தட்டத் தண்ணீரில் போவது போலப் போகும். புரதம் அப்படிப் போகாது. இன்சுலின் முன்னோடி போன்ற 10 கிலோடால்டனுக்குக் கீழானவை சுலபமாக வரும். 33 பரவாயில்லை. அல்புமின் (67) மெதுவாகத்தான் கசியும். முழு ஆன்டிபாடியை (150) அடைத்த செல்லில் செய்யலாம் என்று யாராவது சொன்னால், வெளியே எவ்வளவு வந்தது என்று முதலில் கேளுங்கள்.

அளவு மட்டுமல்ல, மின்னூட்டமும் முக்கியம். அல்ஜினேட் எதிர்மின். லைசோசைம் 14 கிலோடால்டன்தான், ஆனால் அதன் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (நிகர மின்னூட்டம் சுழியாகும் பிஎச்) 11 பக்கம். பிஎச் 6இல் நேர்மின்னோடு ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும். உப்பு போட்டு விடுவிக்கலாம், அந்த உப்பே கால்சியத்தைத் தள்ளி மணியைக் கரைக்கும். உங்கள் லைப்பேஸின் புள்ளி 6.0. பிஎச் 6இல் ஒட்டாது. பாஸ்பேட் படிவதைக் குறைக்க பிஎச்சை 5.5க்கு இறக்கினால் லேசாக நேர்மின் பக்கம் போகும், அப்போது ஒருமுறை சரிபாருங்கள்.

சரிபார்க்கும் வழி: மணிகளில் 1 கிராம் எடுத்து, மேலே ஒட்டிய மீடியாவைத் துடைத்துவிட்டு, 4 மில்லி 0.1 மோலார் சோடியம் சிட்ரேட்டில் (பிஎச் 7.4) 15 நிமிடம் மெல்லக் குலுக்குங்கள். முழுக்கக் கரைந்ததும் சென்ட்ரிஃப்யூஜில் 3000 ஜியில் 5 நிமிடம். தெளிநீர் தனி, செல் படிவு தனி, வெளி மீடியா தனி. மூன்றையும் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஒரே எலக்ட்ரோபோரெசிஸ் ஜெல்லில் பக்கம் பக்கமாக ஓட்டுங்கள். தெளிநீரில் பட்டை தடித்திருந்தால் மணிக்குள் சிக்கியிருக்கிறது. படிவில் இருந்தால் செல்லே சுரக்கவில்லை, அது வேறு வியாதி.

இன்னொன்று. தடையே இல்லாமல் பரவினாலும் 100 மில்லி மீடியாவில் 20 மில்லி மணி இருந்தால் புரதத்தில் ஆறில் ஒரு பங்கு மணிக்குள்ளேயே நிற்கும். அது நஷ்டக் கணக்கில் வர வேண்டும்.

நுண்ணுயிர்நேசன் | 5 பிப்ரவரி 2024, இரவு 9.14

எம்இஎஸ், குறைந்த பாஸ்பேட். மணி இப்போது கெட்டியாகவே நிற்கிறது, அமிலச் சோதனையில் கலங்கல் இல்லை. ஆனால் அதே எடை செல்லை அடைக்காமல் மிதக்க விட்ட குடுவையில் லைப்பேஸ் செயல்பாடு ஏறத்தாழ மூன்று மடங்கு. சிட்ரேட்டில் கரைத்துப் பார்த்தால் உள்ளேயும் பெரிதாகச் சிக்கவில்லை. அடைத்ததே வீணா?

கலன்காவலர் | 6 பிப்ரவரி 2024, காலை 7.48

மூன்று மடங்கு என்ற எண் தற்செயல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

30 டிகிரியில் காற்று நிறைந்த நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மி.கி., அதாவது 0.235 மில்லிமோலார். ஜெல்லுக்குள் ஆக்சிஜனின் பரவல் குணகம் விநாடிக்குச் சுமார் 2×10⁻⁹ சதுர மீட்டர் என்று கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஜெல்லில் 50 கிராம் உலர் எடை செல், ஒரு கிராம் செல் ஒரு மணி நேரத்தில் 3 மில்லிமோல் ஆக்சிஜன் குடிக்கிறது என்றால் மொத்தக் குடிப்பு லிட்டருக்கு ஒரு மணி நேரத்தில் 150 மில்லிமோல். ஊடுருவும் ஆழம் என்பது 2 × பரவல் குணகம் × செறிவு ÷ குடிப்பு, இதன் வர்க்கமூலம். விடை ஏறத்தாழ 150 மைக்ரான்.

உங்கள் மணி 3 மி.மீ. ஆரம் 1500 மைக்ரான். வெளி ஓரத்து 150 மைக்ரான் ஓட்டில் இருப்பது மணியின் கன அளவில் 27%. மிச்சம் 73% செல்லுக்கு ஆக்சிஜனே போகவில்லை. மெத்தனாலை உடைக்கும் ஆல்கஹால் ஆக்சிடேஸ் ஆக்சிஜன் இல்லாமல் ஒரு அடிகூட நகராது. சாக்கரோமைசிஸாக (ரொட்டி ஈஸ்ட்) இருந்தால் உள்ளே இருக்கும் செல் குளுக்கோஸைப் புளிக்க வைத்தாவது பிழைத்துக்கொள்ளும். மெத்தனாலில் இருக்கும் பிக்கியாவுக்கு அந்த வழியும் இல்லை. பட்டினி, பிறகு சாவு, பிறகு செல்லின் உள்ளறையான வாக்குவோலிலிருந்து புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் நொதி) கசிவு. அது வெளி ஓட்டில் உருவாகும் நல்ல புரதத்தையும் வெட்டும்.

ஆக, அடர்த்தி கூடினால் புரதம் கூடும் என்ற கணக்கு ஆக்சிஜன் எட்டும் ஆழம் வரைதான் செல்லும். அடர்த்தியை இரட்டிப்பாக்கினால் ஆழம் 106 மைக்ரானாகச் சுருங்கும், வேலை செய்யும் செல்லின் எண்ணிக்கை கிட்டத்தட்ட 1.45 மடங்குதான் கூடும். முழு மணியும் உயிரோடிருக்க இதே அடர்த்தியில் விட்டம் அரை மி.மீ. பக்கம் வர வேண்டும்.

மெத்தனால் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வழக்கமான 24 மணி நேரத்துக்கு 0.5% என்பது எல்லாச் செல்லும் தின்னும் என்ற கணக்கில் சொன்னது. கால்வாசிச் செல்தான் தின்கிறது என்றால் மெத்தனால் மிஞ்சி ஏறும். 2%ஐத் தாண்டினால் அதுவே செல்லைக் கொல்லும். நாள் மொத்தத்தைப் பாதியாகக் குறைத்து, அதை இரண்டாகப் பிரித்து 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

புளிப்புமாவு | 6 பிப்ரவரி 2024, காலை 9.30

கேஎம்71 மாதிரி மெத்தனாலை மெதுவாகத் தின்னும் வகை இங்கே பொருந்தும். ஆல்கஹால் ஆக்சிடேஸின் முக்கிய ஜீனான ஏஓஎக்ஸ்1 உடைந்திருப்பதால் பலவீனமான ஏஓஎக்ஸ்2 மட்டும் வேலை செய்யும், ஆக்சிஜன் குடிப்பு நன்றாகக் குறையும், அதே மணியில் ஆழம் கூடும். உற்பத்தி வேகம் குறைந்தாலும் செல்லில் பெரும் பங்கு உயிரோடிருக்கும். புரோட்டியேஸ் தொல்லைக்கு, அவற்றை எழுப்பும் பெப்4 ஜீனை நீக்கிய எஸ்எம்டி1168 வகை. ஆனால் அந்த வகை பொதுவாகவே சோப்ளாங்கி, மணிக்குள் அடைக்கும் நெருக்கடியைத் தாங்குமா என்று சிறிய அளவில் பார்த்துவிட்டுப் போங்கள்.

நுண்ணுயிர்நேசன் | 6 பிப்ரவரி 2024, மதியம் 1.05

அரை மி.மீ. மணிக்கு விலை உயர்ந்த கருவி வேண்டுமா?

கலன்காவலர் | 6 பிப்ரவரி 2024, மாலை 5.22

வேண்டாம். ஊசியைச் சுற்றிக் காற்று ஓடவிடும் ஏற்பாடு போதும். 27 கேஜ் ஊசியை ஒரு டி-இணைப்பிக்குள் நுழைத்து, முனை அதன் வாயிலிருந்து 1 மி.மீ. வெளியே நீட்டி நிற்க வேண்டும். பக்கவாட்டு வழியில் 0.2 மைக்ரான் ஃபில்டர் போட்ட காற்று. காற்று கூடக்கூட மணி சிறுக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் பொடிமணி, பெருமணி என்று கலந்து வரும், அங்கே நிறுத்திச் சற்றுக் குறைக்க வேண்டும். சிரிஞ்ச் பம்ப் இருந்தால் நல்லது, கையால் அழுத்தினால் அளவு ஒன்றுபோல வராது. மின்புலம் வைத்து இழுக்கும் முறை இன்னும் சிறிய மணி தரும், ஆனால் அது ஆயிரக்கணக்கான வோல்ட். பழகியவர் துணையின்றித் தொடாதீர்கள்.

மணியின் வடிவமே என்ன கோளாறு என்று சொல்லிவிடும். வால் முளைத்திருந்தால் கரைசல் அதிகக் கெட்டி, அல்லது ஊசிக்கும் தொட்டிக்கும் இடைவெளி போதவில்லை. 10 முதல் 15 செ.மீ. வையுங்கள். தட்டையாக இருந்தால் உயரம் கூடிவிட்டது. உள்ளே வெள்ளைக் குமிழ் தெரிந்தால் கரைசலில் காற்று. அல்ஜினேட்டைச் சுழலும் நீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கரைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் குமிழ் ஏறிப் போய்விடும்.

ஆட்டோகிளேவ் அல்ஜினேட்டின் சங்கிலியை உடைக்கிறது. 121 டிகிரியில் 15 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், பெரிய பாட்டிலில் வைக்காதீர்கள். ஆறியதும் 2% கரைசல் தண்ணியாகத் தெரிந்தால் அடுத்த முறை 2.5 அல்லது 3 எடுக்க வேண்டும்.

தொட்டியில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் லிட்டருக்கு 14.7 கிராம். சிறு மணிக்கு 20 முதல் 30 நிமிடம் ஊறினால் போதும். மூன்று மி.மீ. மணிக்கு ஒன்று, இரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஊறினால் சுருங்கி இறுகும், துளையும் குறுகும், புரதச்சல்லடை சொன்ன பிரச்சினை கூடும்.

புளிப்புமாவு | 7 பிப்ரவரி 2024, காலை 8.10

செல் எவ்வளவு ஏற்றுவது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. 100 மில்லி அல்ஜினேட்டுக்கு 15, 20 கிராம் ஈரச் செல் ஏற்றி உடனே மெத்தனால் கொடுப்பது ஒன்று. 2 கிராம் மட்டும் ஏற்றி, 1% கிளிசரால் மீடியாவில் ஒரு நாள் மணிக்குள்ளேயே வளர விடுவது இன்னொன்று. இரண்டாவதில் செல் ஆக்சிஜன் கிடைக்கும் ஓரமாகத் தானே பெருகி நிற்கும், நடுவில் வீணாகச் செத்துக் கிடக்காது. கெடுதல் என்னவென்றால் ஓரத்துக் குறுங்குடியேற்றம் ஜெல்லைக் கிழித்துக்கொண்டு மொட்டுகளை வெளியே கொட்டும். கிளிசரால் துளி மிஞ்சினாலும் ஏஓஎக்ஸ்1 எழும்பாது. மணிக்குள் இருப்பது வெளிவர நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு கழுவல் போதாது. கால்சியம் கலந்த எம்இஎஸ்ஸில் அரை மணி நேர இடைவெளியில் மூன்று முறை.

கசிவைக் குறைக்கச் செல் இல்லாத 1% அல்ஜினேட் மேலுறை போடலாம். கைட்டோசான் உறையும் போடுகிறார்கள், ஆனால் அது துளையை இறுக்கும்.

புரதச்சல்லடை | 9 பிப்ரவரி 2024, இரவு 10.47

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம் என்பதையும் பேசிவிட வேண்டும். சாதாரண ஃபெட்-பேட்ச்சில் (உணவை விட்டுவிட்டு ஊட்டி, செல்லை மிதக்க விட்டு வளர்ப்பது) பிக்கியா லிட்டருக்கு 100 கிராம் உலர் எடையைத் தாண்டும். கலனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்தான் இருக்கும். அந்த அடர்த்தியை எந்த அல்ஜினேட் மணியும் ஒட்டுமொத்தக் கலன் கணக்கில் எட்டாது. லிட்டருக்கு எத்தனை கிராம் என்று மட்டும் பார்த்தால் அடைத்தல் தோற்கும்.

அது ஜெயிக்கும் இடம் சுத்திகரிப்பு. அந்தக் கூழைச் சென்ட்ரிஃப்யூஜில் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். மணி என்றால் சல்லடையில் வடித்தால் முடிந்தது, நேராகப் புரதம் பிரிக்கும் குரோமட்டோகிராஃபிக் குழாயில் ஏற்றலாம், அதே செல்லை மறுபடி பயன்படுத்தலாம். இந்த இரண்டும் தேவைப்படாத வேலைக்கு அடைக்க வேண்டியதில்லை.

உள்ளே தங்கும் புரதத்துக்கு இந்த வழியே வேண்டாம். இந்தியாவில் 1997இல் வந்த ஷான்வாக்-பி ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் ஆன்டிஜென் பிக்கியாவுக்குள்ளேயே தங்குவது. எடுக்க வேண்டுமென்றால் செல்லை உடைத்தே ஆக வேண்டும். அப்புறம் எதற்கு மணி?

புளிப்புமாவு | 10 பிப்ரவரி 2024, காலை 7.25

மறுபயன்பாடு என்றதும் நினைவுக்கு வருவது 2014இல் பிஎன்ஏஎஸ் இதழில் வந்த ஆய்வு. அல்ஜினேட்டில் அடைத்த சாக்கரோமைசிஸுக்கு 17 நாள் தொடர்ந்து குளுக்கோஸ் ஊட்டினார்கள். செல் பிரிவது ஏறக்குறைய நின்றுவிட்டது, வளர்சிதை மாற்றம் நிற்கவில்லை, உயிர்ப்பும் பெரிதாகக் குறையவில்லை. புரத உற்பத்திக்கு இதைவிட ஆசை காட்டும் நிலை இல்லை: செல் தன்னைப் பெருக்காமல் நமக்காக மட்டும் வேலை செய்கிறது. புது ஜீனைப் பிளாஸ்மிட்டில் (தனி டிஎன்ஏ வளையம்) வைத்த வகைகளுக்கு இன்னொரு நன்மை. தலைமுறை குறைந்தால் பிளாஸ்மிட் இழந்த செல் பெருகி மேலோங்க வாய்ப்பும் குறையும்.

கலன்காவலர் | 10 பிப்ரவரி 2024, காலை 8.02

அந்த ஆய்வை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. அது புளிக்கவைக்கும் செல், ஆக்சிஜன் பஞ்சம் அதற்குப் பெரிய விஷயமில்லை. நேசனுடையது மெத்தனாலைச் சுவாசித்தே தீர வேண்டிய செல். இன்னொரு சங்கடம்: பிக்கியாவில் மெத்தனால் இல்லாமலே இயங்கும் ஜிஏபி புரோமோட்டர் வைத்த வகைகளில் வளர்ச்சி வேகம் குறைந்தால் சுரப்பும் குறைகிறது. பிரியாத செல் நீண்ட நாள் வாழும், ஆனால் நாளொன்றுக்கு எவ்வளவு சுரக்கும் என்பது புரோமோட்டரைப் பொறுத்தது. வளர்ச்சி நின்ற பிறகும் எழும்பி நிற்கும் புரோமோட்டர் இல்லாமல் அடைத்தால், ஆயுள் கூடும், விளைச்சல் கூடாது. மரபணு வேலை அங்கேதான் செய்ய வேண்டும், ஜெல்லில் அல்ல.

புளிப்புமாவு | 10 பிப்ரவரி 2024, காலை 8.40

ஒப்புக்கொள்கிறேன். சாக்கரோமைசிஸில் கிளைகாலிசிஸ் (சர்க்கரையை உடைக்கும் பாதை) ஜீன்களின் புரோமோட்டர்கள் (டிடிஎச்3, ஈஎன்ஓ2) இதற்குச் சரியாக இருக்கும், ஏனென்றால் சர்க்கரை ஓட்டம் நிற்கவில்லை. ஜெல்லே இல்லாமல் அடைக்கும் வழியும் சாக்கரோமைசிஸில் உண்டு: செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் எஃப்எல்ஓ1 ஜீனை ஏடிஎச்2 போலப் பிந்திய கட்டத்தில் விழிக்கும் புரோமோட்டரின் கீழ் வைத்தால், செல் வளர்ந்து முடிந்ததும் தானே திரளும். எஸ்288சி வழிவந்த ஆய்வக வகைகள் தாமாகத் திரளாததற்கு எஃப்எல்ஓ8 ஜீனில் உள்ள நிறுத்தக் குறிதான் காரணம். திரளுக்கும் கால்சியம் வேண்டும், இடிடிஏ போட்டால் பிரிந்துவிடும்.

நுண்ணுயிர்நேசன் | 13 பிப்ரவரி 2024, மாலை 4.36

பீர்க்கங்கூட்டில் ஒட்டவைப்பதைப் பற்றி எங்கோ படித்தேன். பாஸ்பேட் பயமே இல்லையே?

கலன்காவலர் | 13 பிப்ரவரி 2024, மாலை 7.19

பாஸ்பேட் பயம் இல்லை, ஆக்சிஜனும் நன்றாகப் போகும். முற்றிய கூட்டை விதை நீக்கி 1 செ.மீ. துண்டாக்கி, அரை மணி நேரம் கொதிக்கவைத்து, தண்ணீர் மஞ்சளாக வருவது நிற்கும்வரை மாற்றி அலசி, ஆட்டோகிளேவ் செய்து போடலாம். திரளும் வகை நன்றாகப் பிடிக்கும். மிதந்தே பழகிய பிக்கியா லேசாகத்தான் பிடிக்கும், சற்றுக் கலக்கினால் பாதி உதிரும். தெளிநீர் கிடைக்காது என்பதால் புரதச்சல்லடை சொன்ன சுத்திகரிப்பு லாபமும் போய்விடும்.

பாஸ்பேட்டைத் தாங்கும் ஜெல் வேண்டுமென்றால் பாலிவினைல் ஆல்கஹால். அதிலும் வில்லை வடிவம்: 3, 4 மி.மீ. அகலம், 200 முதல் 400 மைக்ரான் கனம். இரு பக்கமும் ஆக்சிஜன் 150 மைக்ரான் நுழைந்தால் நடுவில் சாகும் பகுதி அநேகமாக இல்லை, அகலம் இருப்பதால் சல்லடையிலும் சுலபமாக நிற்கும். போரிக் அமிலத்தில் இறுக்கும் முறையில் செல்லுக்கு அடி விழும், தொடும் நேரத்தைச் சுருக்க வேண்டும். உறையவைத்து இளக்கும் முறையில் உறைதலே செல்லைக் கொல்லும், ட்ரெஹலோஸ் சேர்த்தால் ஓரளவு காப்பாற்றலாம்.

புரதச்சல்லடை | 14 பிப்ரவரி 2024, காலை 9.50

ஜெல்லை விட்டுவிட்டுச் செல்லைக் கலனிலேயே நிறுத்தும் பெர்ஃப்யூஷனையும் பாருங்கள். 2018இல் எம்ஐடி குழு பிக்கியாவை அப்படி ஓட்டி, வளர்ச்சி ஹார்மோன், இன்டர்ஃபெரான், ஜி-சிஎஸ்எஃப் மூன்றையும் மேசை அளவுக் கருவியில் எடுத்துக் காட்டியது. ஃபில்டர் அடைப்புதான் அங்கே எதிரி. ஆனால் பரவல் தடை இல்லை, பெரிய புரதமும் வரும்.

நுண்ணுயிர்நேசன் | 24 பிப்ரவரி 2024, இரவு 8.58

அரை மி.மீ. மணி, 5 கிராம் ஏற்றம், மெத்தனால் பாதி. மிதக்கும் செல்லோடு ஒப்பிட்டால் இப்போது செயல்பாடு கிட்டத்தட்டச் சமம், வடித்த மீடியா தெளிவாக இருக்கிறது. தொடர் ஓட்டத்துக்குப் போகலாமா? பயன்படுத்தாத மணியை எப்படி வைப்பது, முடிந்ததை எப்படிக் கழிப்பது?

கலன்காவலர் | 25 பிப்ரவரி 2024, காலை 7.30

போகலாம். ஏர்லிஃப்ட் கலன் (காற்றுக் குமிழே கலக்குவது), மணி 15 முதல் 20% கன அளவு. ரஷ்டன் கலக்கியின் பிளேடு மணியை அரைத்துவிடும். மணியை நெருக்கி நிரப்பிய குழாய்க் கலன் வேண்டாம், ஆக்சிஜன் கீழேயே தீர்ந்துவிடும். மெத்தனாலில் பிக்கியாவின் அதிகபட்ச வளர்ச்சி வேகம் ஒரு மணி நேரத்துக்கு 0.14 பக்கம். நீர்ப்பு வேகத்தை (ஒரு மணி நேரத்தில் கலனுக்குள் வரும் புது மீடியாவின் பங்கு) 0.2இல் வைத்தால் தப்பிய செல் பெருக முடியாமல் அடித்துக்கொண்டு போகும், ஆனால் புரதம் நீர்த்து வரும். 10 கிலோடால்டன் மெம்பிரேனில் செறிவூட்டும் செலவைச் சேர்த்துப் பார்த்து வேகத்தை முடிவு செய்யுங்கள். பிஎச் 3.5க்குக் கீழே போகவிடாதீர்கள், அல்ஜினேட் அமில ஜெல்லாக மாறிச் சுருங்கும்.

மணியை 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில், 4 டிகிரியில் வையுங்கள். வெறும் தண்ணீரிலோ பாஸ்பேட் சலைனிலோ வேண்டாம். எடுத்துப் பயன்படுத்துமுன் சிலவற்றைச் சிட்ரேட்டில் கரைத்து மெத்திலீன் நீலம் போட்டு உயிருள்ள விகிதம் பாருங்கள்.

மரபணு மாற்றிய உயிர் என்பதால் சல்லடையில் நின்றது மட்டுமல்ல, வடிந்த மீடியாவும் ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டும். அதில் தப்பிய செல் கட்டாயம் இருக்கும். மணியைக் குவியலாகப் பையில் கட்டி வைத்தால் நடுவில் வெப்பம் ஏறத் தாமதமாகும். தட்டில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, 121 டிகிரியில் 30 நிமிடத்துக்குக் குறையாமல்.